ஒடுங்கி நின்று முழங்கும் எழுத்து

ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பெயர், தெருப் பெயர், மளிகைப் பட்டியலில் ஒரு வரி, எதுவானாலும் சரி. அதை ஆங்கில எழுத்தில், ஐ.டி.சி. பெங்கேட் போல்ட் கண்டென்ஸ்ட் என்ற எழுத்துருவில், ஏ-4 தாளின் அகலம் நிறைய வரும்படி பெரிதாக்கி அச்செடுத்துப் பாருங்கள். வெளியே வரும் தாளில் மளிகைப் பட்டியல் இருக்காது, ஒரு நாவலின் தலைப்பு இருக்கும். யாரோ காணாமல் போயிருக்கிறார்கள், ஊருக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கதவு தானாகத் திறக்கப்போகிறது என்று அந்த ஒற்றைச் சொல்லே நம்மிடம் சொல்லிவிடும். பொருள் மனதில் பதிவதற்கு முன்பே கதை தொடங்கிவிடும். வேறு எந்த எழுத்துருவிடமும் இந்தத் திறனை இவ்வளவு முழுமையாக நான் பார்த்ததில்லை.

புத்தக அட்டை வடிவமைப்பு என் தொழில். நாள் முழுக்க ஃபாண்ட் பட்டியலுக்குள்தான் இருக்கிறேன். நல்ல எழுத்துருக்கள் ஏராளம். அவற்றை மதித்துப் பயன்படுத்துகிறேன். இது ஒன்றை மட்டும் நேசிக்கிறேன். பட்டியலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ‘பெங்குயாட்’ என்று படிப்பார்கள். இதை வரைந்த எட் பெங்கேட் தன் பெயரை உச்சரித்தது ‘பெங்கேட்’ என்றுதான். 1977-இல் நியூயார்க்கின் இன்டர்நேஷனல் டைப்ஃபேஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஐ.டி.சி., அவர் பெயரிலேயே இதை வெளியிட்டது.

முதலில் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். இது செரிஃப் வகை. எழுத்தின் கோடு முடியும் இடங்களில் சிறு பாதமும் கொம்பும் உண்டு. சாதாரணச் செரிஃப் எழுத்தில் அவை ஒழுங்காக, அளவாக இருக்கும். பெங்கேட்டில் அவை வளைந்து வந்து கூராக முடியும். தூரிகை தாளை விட்டு எழும் நேரத்தின் துள்ளல் அதில் தங்கியிருக்கும். பேரெழுத்து ‘ஆர்’ வலது காலை முன்னே எடுத்து வைக்கிற அழகைப் பாருங்கள். நடனக்காரியின் நிதானம் அதில் இருக்கிறது. ‘எஸ்’ஸின் நடுமுதுகு கனத்து, இரு முனைகளும் கூர்ந்து நிற்கும். சிற்றெழுத்துகளின் எக்ஸ்-உயரம், அதாவது மேல்கொம்பும் கீழ்வாலும் இல்லாத நடு உடலின் உயரம், மிகப் பெரிது. அதனால் ஒரு சொல்லைப் போட்டால் நடுவில் காலியிடம் தெரியாமல் ஒரே கறுப்புப் பட்டையாக எழுந்து நிற்கிறது.

போல்ட் கண்டென்ஸ்ட் என்று வரும்போது இந்தக் குணங்கள் இன்னும் முறுகுகின்றன. அகலம் குறைந்துவிட்டது, கனம் குறையவில்லை, வளைவையும் விட்டுக்கொடுக்கவில்லை. நெரிசல் பேருந்தில் பட்டுப்புடவையின் கொசுவம் கசங்காமல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெரியம்மாவைப் பார்த்திருப்பீர்களே, அந்தத் தோரணைதான் இதற்கும். இடம் கொஞ்சம்தான், ஆனால் கம்பீரத்தில் ஒரு இம்மியும் குறையவில்லை. நான் இந்த எழுத்துருவைப் பற்றிச் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. வளைந்து விரிய ஆசைப்படும் எழுத்தை ஒடுங்கிய சட்டத்துக்குள் நிறுத்தியதால் உள்ளே ஒரு அழுத்தம் சேர்கிறது. நாடகம் அந்த அழுத்தத்திலிருந்து பிறக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கண்டென்ஸ்ட் என்பது எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்குவது அல்ல. நம் ஊர் டி.டி.பி. கடைகளில் தினமும் நடப்பது அதுதான்: பெயர் நீளமாகிவிட்டது, கார்டில் அடங்கவில்லை, எழுத்தின் ஓரத்தைப் பிடித்து மவுஸால் உள்ளே தள்ளுவார்கள். தள்ளியதும் செங்குத்துக் கோடுகள் மெலிந்துபோகும், கிடைக்கோடுகள் அதே தடிமனில் நிற்கும். எந்தக் கோடு தாங்க வேண்டுமோ அது சோகை பிடித்து, எது மெலிந்திருக்க வேண்டுமோ அது வீங்கித் தெரியும். உண்மையான கண்டென்ஸ்ட் எழுத்து ஒவ்வொன்றையும் வடிவமைப்பாளர் திரும்ப யோசித்திருப்பார். ‘ஓ’வின் உள்வெளி எவ்வளவு குறுகலாம், செரிஃப் எத்தனை நீளம் இழக்கலாம், ‘எம்’மின் நான்கு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போகாமல் எங்கே கொஞ்சம் செதுக்க வேண்டும் என்றெல்லாம் பார்த்திருப்பார். சாதாரண பெங்கேட் போல்டைத் தள்ளி ஒடுக்கியதையும், வரையப்பட்ட போல்ட் கண்டென்ஸ்டையும் மேலும் கீழுமாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

எட் பெங்கேட் 1927-இல் நியூயார்க்கின் புரூக்லினில் பிறந்தவர். அப்பா புளூமிங்டேல்ஸ் பல்பொருள் அங்காடியில் காட்சி அலங்காரப் பொறுப்பாளர். பேனா, தூரிகை, மை எல்லாம் வீட்டிலேயே கிடைத்தன. ஆனால் பையன் முதலில் பிடித்தது தாளக்கோலை. ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவராக, ஸ்டான் கென்டன், வுடி ஹெர்மன் போன்ற பெரிய இசைக்குழுத் தலைவர்களோடு மேடையேறியவர் அவர். இசையில் ஒலிகளைச் சரியான இடத்தில் வைப்பதும் தாளில் வடிவங்களைச் சரியான இடத்தில் வைப்பதும் ஒரே வேலைதான் என்ற கருத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். பெங்கேட் போல்ட் கண்டென்ஸ்டில் ஒரு வரி அமைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தடித்த கோடு, குறுகிய வெள்ளை, தடித்த கோடு, குறுகிய வெள்ளை என்று அந்த வரி அடித்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு ‘எஸ்’ வந்து நடையை மாற்றும். அடுத்த ‘டி’ அதைத் திரும்பத் தாளத்துக்குள் கொண்டுவரும்.

அறுநூறுக்கும் மேற்பட்ட எழுத்துருக்களை அவர் வரைந்திருக்கிறார். ஃபோர்டு காரின் பெயர் எழுத்தையும், எஸ்கொயர், பிளேபாய், ரீடர்ஸ் டைஜஸ்ட், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைகளின் தலைப்பு எழுத்துகளையும் வரைந்தோ சீர்செய்தோ தந்த கை அவருடையது. 1968-இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தின் தலைப்பும் அவர் கைவண்ணம். ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் பல பத்தாண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் பெயரே தெரியாதவர்கள்கூட அவர் கையெழுத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வேலை பார்த்த இடத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டே இருக்கலாம். போட்டோ-லெட்டரிங் என்று ஒரு நிறுவனம். எட்வர்ட் ராண்ட்தாலர் முன்நின்று 1936-இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1962-இல் பெங்கேட் அங்கே சேர்ந்தார். விளம்பர நிறுவனங்களும் பத்திரிகைகளும் தங்கள் தலைப்புச் சொற்களை எழுதி அங்கே அனுப்புவார்கள். அங்கே ஈய எழுத்து கிடையாது. எழுத்துகள் நெகட்டிவ்களாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தாக வெளிச்சம் பாய்ச்சி, படத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் பதிப்பார்கள். ஈய எழுத்துக்கு உடம்பு உண்டு. அந்த உலோக உடம்பின் ஓரம் இடிக்கும் இடத்தைத் தாண்டி இரண்டு எழுத்துகள் நெருங்க முடியாது, அரத்தால் ராவினால் தவிர. வெளிச்சத்துக்கு உடம்பு இல்லை. எழுத்துகள் தொடுகிற அளவுக்கு நெருங்கலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், வால் நீண்டு அடுத்த எழுத்தின் அடியில் நுழையலாம். பெங்கேட்டின் கண்ணும் கையும் பழகியது இந்தச் சுதந்திரத்தில்தான். எழுத்தைத் தனியாக வரையாமல், பக்கத்து எழுத்தோடு அது எப்படி உரசும் என்பதையும் சேர்த்தே வரைய அவர் கற்றது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராண்ட்தாலர், ஏரன் பர்ன்ஸ், ஹெர்ப் லுபாலின் மூவரும் 1970-இல் தொடங்கியதுதான் ஐ.டி.சி. அவர்களிடம் எந்த எந்திரமும் கிடையாது. எழுத்துருவை உருவாக்கி, எந்திரம் செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உரிமம் தருவார்கள். அதனால் ஒரு புதிய எழுத்துரு வந்தால் அது உலகம் முழுக்க ஒரே வீச்சில் பரவியது. சூவனீர், கொரின்னா, டிஃபனி, புக்மேன் என்று பெங்கேட்டின் கைபட்டவை வரிசையாக அங்கிருந்து வந்தன. பெரும்பாலும் பழைய ஃபவுண்டரி எழுத்துகளை எடுத்து அவர் தன் காலத்துக்குப் புதுப்பித்தவை அவை. கொரின்னாவின் மூலம் 1904-இல் பெர்லினில் வார்க்கப்பட்டது. சூவனீரின் மூலம் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1914-இல் வரைந்தது.

ஐ.டி.சி. பெங்கேட் அப்படி ஒரு குறிப்பிட்ட எழுத்தின் மறுபிறப்பு அல்ல. ஆர் நூவோ என்ற ஐரோப்பியக் கலைப்பாணியின் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, மூச்சைத் தன் போக்கில் விட்ட எழுத்து. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் மெட்ரோ வாயில்களில் ஹெக்டர் கிமார் வார்ப்பிரும்பைக் கொடியாக வளைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் ஓட்டோ எக்மன் தூரிகை வாக்கில் ஓர் அச்செழுத்தையே உருவாக்கினார். செடியின் தண்டு, பெண்ணின் கூந்தல், நீரின் சுழல், எல்லாம் கோடாகின. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் அது பழைய பாணி என்று மூலையில் கிடந்தது. 1960-களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ராக் இசைப் போஸ்டர்களில் அந்த வளைவுகள் திரும்பி வந்தன. 1977-இல் பெங்கேட் அதை அடக்கி, ஒழுங்குபடுத்தி, பத்திரிகையும் புத்தகமும் பயன்படுத்தும்படியான எழுத்துக் குடும்பமாக்கினார். இதனால்தான் இந்த எழுத்துருவில் பழமை ஒரே அடுக்காக இல்லை. 1900-இன் வளைவு, 1970-களின் நெருக்கமும் கனமும், அதற்குப் பிறகு அது ஏறிய அட்டைகளின் ஞாபகம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு அது ஒரு பத்தாண்டை நினைவூட்டும், இருபது வயதுக்காரருக்கு வேறொன்றை. இரண்டும் சரிதான்.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் எப்படி! 1979-இல் அமெரிக்காவில் பான்டம் பதிப்பகம் தொடங்கிய ‘சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்’ சிறுவர் வரிசை, ‘இந்த வழியில் போனால் இந்தப் பக்கத்துக்குத் திருப்பு’ என்று கதையைப் படிப்பவன் கையில் கொடுத்த அந்தப் புத்தகங்கள், அட்டையில் பெங்கேட்டைத்தான் சூடியிருந்தன. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் இசைக்குழு 1987-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்’ தட்டின் அட்டையிலும் இதுதான். திகில் நாவல்களின் பேப்பர்பேக் அட்டைகளில் இது செய்த ஆட்சி தனி. சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் அந்தக் காலத்து அமெரிக்கப் பேப்பர்பேக் குவியலைக் கிளறும்போது, முதுகில் தெரியும் எழுத்தை வைத்தே நான் புத்தகங்களை உருவிவிடுவேன். குறுகிய முதுகில் நீளமான தலைப்பு முழங்கிக்கொண்டு நிற்பதற்கு ஒடுங்கிய எழுத்தைப் போல உதவுவது வேறு இல்லை. புடைப்பு அச்சில், பொன் தகடு ஒட்டி வந்த பிரதி கிடைத்தால் விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கூர்முனைகள் விரலுக்கும் தெரியும்.

எழுத்துக்கலை விமரிசகர்களில் ஒரு சாரார் ஐ.டி.சி.-யின் 1970-களைக் குறைசொல்வதுண்டு. எக்ஸ்-உயரத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்கள், எல்லா எழுத்துருவுக்கும் ஒரே அச்சு வார்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். சின்ன எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடும் உரைக்கு அந்த வாதம் பொருந்தலாம். தலைப்பெழுத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. தலைப்பின் வேலை நடந்துபோகிறவனை நிறுத்துவது. பெங்கேட் நிறுத்துகிறது, நிறுத்திவிட்டு முகத்தையும் காட்டுகிறது. கூச்சல் போட்டு நிறுத்தும் எழுத்துகள் நிறைய உண்டு. நிறுத்திய பிறகு பார்ப்பதற்கு இவ்வளவு விருந்து வைக்கும் எழுத்து எத்தனை?

2016 ஜூலை 15 அன்று நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வெளியானது. அந்தத் தொடரின் தலைப்புக் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது நான் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். கறுப்புத் திரை. சிவப்பு நியான் போல ஒளிரும் வெறும் கோடுகள். முதலில் என்ன எழுத்து என்றே தெரியாது. ஒரு செரிஃபின் முனை, ஒரு வளைவின் பாதி, இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே ஒரு இருட்டு. அவை மெல்ல நகர்கின்றன, விலகுகின்றன, ஒன்றையொன்று கடக்கின்றன. கைல் டிக்சனும் மைக்கேல் ஸ்டைனும் அமைத்த சின்தசைசர் இசை இதயத்துடிப்பாக அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் எல்லாம் பூட்டிக்கொண்டு பெங்கேட்டில் பெயராகிறது: பெரிதாகத் தொங்கும் ‘எஸ்’ ஒரு பக்கம், பெரிதாகத் தொங்கும் ‘ஆர்’ மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் அடக்கமாக இரண்டாம் சொல். நடிகர் இல்லை, ஊர் இல்லை, பூதம் இல்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், எழுத்து மட்டும்தான்.

அதைச் செய்தது இமேஜினரி ஃபோர்சஸ் என்ற நிறுவனம். படைப்பு இயக்குநர் மிஷேல் டோஹர்டி. தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் ஸ்டீபன் கிங் நாவல்களின் பழைய அட்டைகளை மாதிரியாகத் தந்திருந்தார்கள். ‘சூப்பர்மேன்’, ‘ஏலியன்’ படங்களுக்குத் தலைப்புக் காட்சி செய்த ரிச்சர்ட் கிரீன்பர்கின் பாணி அவர்கள் மனதில் இருந்தது. கிரீன்பர்க் சகோதரர்களின் ஆர்.ஜி.ஏ. நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையிலிருந்து 1996-இல் கிளைத்ததுதான் இமேஜினரி ஃபோர்சஸ் என்பது தெரிந்தபோது எனக்கு ஒரே பூரிப்பு. வம்சாவளி சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. கதை தொடங்குவது 1983-இல், எழுத்து பிறந்தது 1977-இல். அந்தக் கதையில் வரும் பிள்ளைகளின் புத்தக அலமாரியில் இந்த எழுத்து உண்மையிலேயே இருந்திருக்கும். 2017-இல் சிறந்த தலைப்பு வடிவமைப்புக்கான எம்மி விருது அந்தத் தலைப்புக் காட்சிக்குக் கிடைத்தது. தொடர் வெளியானபோது பெங்கேட்டுக்கு 88 வயது. 2020 அக்டோபரில், 92 வயதில் அவர் மறையும் முன், தான் வரைந்த எழுத்தை உலகத்துச் சிறுவர்கள் எல்லாம் டி-ஷர்ட்டில் மாட்டிக்கொண்டு திரிவதை அவர் பார்த்துவிட்டார். எனக்கு அதில் அப்படி ஒரு நிறைவு.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். போல்ட் கண்டென்ஸ்டை 24 பாயிண்டுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும், கூர்முனைகளின் அழகும் போய்விடும். 72-க்கு மேலே போகப் போகத்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். எழுத்திடைவெளியைக் கொஞ்சம் இறுக்குங்கள். அது பிறந்த காலத்தின் வழக்கம் அது, எழுத்துக்கும் அதுதான் பொருந்துகிறது. ஆனால் கணினி தருவதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொரு ஜோடியையும் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். பேரெழுத்துகளில் மட்டும் போட்டால் மிரட்டும், சிற்றெழுத்து கலந்தால் கொஞ்சும். நிழல், விளிம்புக்கோடு, பளபளப்பு எதுவும் வேண்டாம். தேவையான நாடகம் அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு அலங்கார எழுத்தை நிறுத்தாதீர்கள். அமைதியான ஒரு சான்ஸ் செரிஃபைத் துணைக்குக் கொடுங்கள், அது போதும். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்காரர்கள் பெயர்ப்பட்டியலுக்கு அவான் கார்ட் காத்திக்கைத் துணைசேர்த்திருக்கிறார்கள். என்ன தேர்வு! அதுவும் ஐ.டி.சி. வீட்டுப் பிள்ளைதான்.

இப்போது என் மேசையில் டிரேசிங் தாள்கள் குவிந்திருக்கின்றன. இதே குணத்தில் தமிழ் எழுத்துகளை வரைந்துகொண்டிருக்கிறேன். நம் வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளுக்கு ஓவியர்கள் கையால் எழுதிய தலைப்புகளில் இந்தத் துணிச்சல் எல்லாம் இருந்ததே, அதை ஒடுங்கிய, கனத்த, கொம்பு வைத்த ஒரு எழுத்துக் குடும்பமாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ‘ப’, ‘ட’, ‘ம’ மூன்றும் செங்குத்துக் கோடு உள்ளவை என்பதால் உடனே இணங்கின. ‘ழ’வின் வால் பெங்கேட்டுக்கென்றே பிறந்ததுபோல வந்து விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் வேறு வேலை ஓடவில்லை. ‘ண’வில் மூன்று சுழி. ஒடுக்கினால் மூன்றும் கறுத்து ஒன்றாகிவிடும், விரித்தால் வரிசையின் தாளம் உடையும். நடுச் சுழியைச் சற்று உயர்த்தி, முதல் சுழியின் உட்புறத்தைக் கண்ணீர்த்துளி வடிவில் திறந்துவிட்டதில் வழி பிறந்திருக்கிறது. அடுத்து ‘ஞ’வை எடுத்திருக்கிறேன்.